அந்தியில் விழும் ஈ: ட்ரவுட்டுக்கு ஸ்பின்னர் தேர்ந்தெடுக்கும் முறை

மதுரையில் மீன்பிடிச் சாமான் கடைக்குப் போய் "ஸ்பின்னர் இருக்கா?" என்று கேட்டால், தண்ணீருக்குள் சுழலும் தகடு மாட்டிய முள்ளைத்தான் எடுத்து நீட்டுவார்கள். டீக்கடையில் அதே வார்த்தையைச் சொன்னால் பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். ட்ரவுட் பிடிக்கிறவர்கள் சொல்லும் ஸ்பின்னர் இந்த இரண்டும் இல்லை. மேஃபிளை என்ற பூச்சியின் கடைசிப் பருவத்துக்கு அந்தப் பெயர். அந்தப் பருவத்தைப் பார்த்து முள்ளில் கட்டும் செயற்கை ஈக்கும், அதாவது ஃபிளைக்கும், அதே பெயர்தான்.

ட்ரவுட் நம் மண்ணின் மீன் இல்லை. குளிர்ந்த, ஓடும், காற்றோட்டமுள்ள தண்ணீர் அதற்கு வேண்டும். வைகையில் விட்டால் பிழைக்காது. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரியிலும் மூணாறு மலைகளிலும் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரவுட்தான் இன்றும் தென்னாட்டில் இருப்பது. நீலகிரியின் அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டிலேயே அதற்கென்று குஞ்சு பொரிப்பகம் வந்துவிட்டது. மதுரைக்காரர்களுக்குப் பக்கம் என்றால் உசிலம்பட்டி, தேனி, போடிமெட்டு வழியாக மூணாறு. எந்த ஓடையிலும் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. மீன்வளத் துறையா, வனத் துறையா, தேயிலைத் தோட்ட நிர்வாகமா, யாரிடம் கேட்க வேண்டும் என்பது ஓடைக்கு ஓடை மாறும். பையைக் கட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி பூச்சிக்கு வருவோம். மழை பெய்த அன்று இரவு டியூப்லைட்டைச் சுற்றி மொய்க்கும் ஈசலும் மேஃபிளையும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஈசல் கறையானின் இறக்கை முளைத்த வடிவம். நான்கு இறக்கையும் ஒரே நீளம், முதுகின்மேல் படுத்திருக்கும், கீழே விழுந்ததும் உதிர்ந்துவிடும். மேஃபிளை உட்கார்ந்தால் இறக்கையைப் பாய்மரம் மாதிரி நிமிர்த்தி வைத்திருக்கும். பின் இறக்கை மிகச் சிறியது. சில இனங்களில் இல்லவே இல்லை. வால்பக்கம் இரண்டு அல்லது மூன்று மெல்லிய இழைகள் நீளும். வைகை அணைப் பக்கத்து விளக்குக் கம்பங்களின் அடியிலேயே இதைப் பார்க்கலாம். மலைக்குப் போய்த்தான் படிக்க வேண்டும் என்றில்லை.

மேஃபிளையின் வாழ்நாளில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில், கல்லிடுக்கில் இளம்பூச்சியாகக் கழிகிறது. வளர்ந்ததும் மேலே வந்து தோலுரித்து இறக்கையோடு பறக்கிறது. அப்போது இறக்கை மங்கலாக, சாம்பல் பூசியது போலிருக்கும். இதற்கு டன் என்று பெயர். டன் கரையோரச் செடியில் போய் ஒதுங்கி, இன்னொரு முறை தோலுரிக்கும். பறக்கும் இறக்கை வந்த பிறகு மறுபடி தோலுரிக்கும் பூச்சிக் குலம் இது ஒன்றுதான். இரண்டாம் முறை உரித்து வெளியே வருவது ஸ்பின்னர். இறக்கை கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், வால் இழைகள் நீண்டிருக்கும், உடல் மெலிந்து பளபளப்பாக நிறம் ஏறியிருக்கும். வாயுறுப்பு செயல்படாததால் தின்பதில்லை. இனம்பெருக்குவது மட்டும்தான் அதற்கு மிச்சமிருக்கும் வேலை.

ஆண் பூச்சிகள் ஓடைக்கு மேலே கூட்டமாக ஏறி இறங்கி ஆடும். பெண் அந்தக் கூட்டத்துக்குள் நுழையும், பறந்தபடியே இணை சேரும், பிறகு தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும். அதோடு தெம்பு தீர்ந்துவிடும். இரண்டு இறக்கையையும் இருபுறம் விரித்தபடி, சிலுவை வடிவத்தில், தண்ணீர்ப் பரப்போடு ஒட்டிக் கிடக்கும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் இப்படி விழுவதை ஸ்பின்னர் விழுகை என்கிறார்கள். பெரும்பாலும் காற்று ஓய்ந்த அந்தியில் நடக்கும். சில இனங்களுக்குக் காலை வேளை. பலத்த காற்று அடித்தால் கூட்டம் கலைந்துவிடும், அல்லது பூச்சிகள் கரையில் விழுந்து வீணாகும்.

மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது பந்தி. டன் எந்த நொடியும் பறந்துவிடும் என்பதால் ட்ரவுட் அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும், தண்ணீர் தெறிக்கும். ஸ்பின்னர் எங்கும் போகாது. அதனால் மீன் அவசரப்படாமல், மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே நின்றுகொண்டு, மூக்கை மட்டும் நீட்டி உறிஞ்சும். வெளியே தெரிவது ஒரு சின்ன வளையம் மட்டுமே. குஞ்சு மீன் விளையாடுகிறது என்று புதியவர்கள் கடந்துபோய்விடுவார்கள். அந்த வளையத்துக்கு அடியில் இருப்பது அந்த மடுவிலேயே பெரிய மீனாகவும் இருக்கலாம். மடு முடிந்து தண்ணீர் மறுபடி வேகமெடுக்கும் வாய்ப்பகுதி, பாறைக்குப் பின்னால் சுழலும் இடம், நுரை கோடாக ஓடும் இடம் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். நுரை சேரும் வழியிலேயே செத்த பூச்சியும் சேரும்.

எந்த ஸ்பின்னர் என்பதை முடிவு செய்யும் முன் மீனின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பது புரிய வேண்டும். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு நேர்மேலே ஒரு வட்டத்துக்குள் மட்டும்தான் தெரியும். வட்டத்துக்கு வெளியே தண்ணீர்ப் பரப்பு அடியிலிருந்து பார்க்கக் கண்ணாடி போல இருக்கும். அந்த வட்டத்தின் ஆரம், மீன் நிற்கும் ஆழத்தைப் போல ஏறக்குறைய 1.13 மடங்கு. 30 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு வட்டத்தின் குறுக்களவு 68 செ.மீ., பெரிய சுளகு அளவு. ஸ்பின்னர் தின்ன மேலேறி 10 செ.மீ. ஆழத்தில் நிற்கும் மீனுக்கு 23 செ.மீ.தான், சாப்பாட்டுத் தட்டு அளவு. இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, உங்கள் ஃபிளை அந்தத் தட்டின் மேலேயே மிதந்து வர வேண்டும். ஒரு முழம் தள்ளி வந்தால் மீன் நகர்ந்து வந்து எடுப்பது அபூர்வம். இரண்டு, வட்டத்துக்கு வெளியே அந்தக் கண்ணாடியில் பதியும் அச்சுதான் மீனுக்கு முதல் அடையாளம். விரிந்த இறக்கையோடு படுத்த பூச்சி ஒரு மாதிரி பதியும். கால்கள் போல நீட்டிய இறகு இழைகளில் நிமிர்ந்து நிற்கும் ஃபிளை வெறும் புள்ளிகளாகப் பதியும். ஸ்பின்னர் விழும் அந்தியில் மற்ற எல்லா உலர் ஃபிளையும், அதாவது பரப்பில் மிதக்கும் ஃபிளையும், தோற்பது இதனால்தான்.

ஆகவே தேர்வில் முதலிடம் அளவுக்கு, இரண்டாமிடம் படுத்திருக்கும் வடிவுக்கு, நிறத்துக்கு மூன்றாமிடம். புத்தகமும் கடையும் நிறத்தையே முன்னால் வைத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர் சூட்டி விற்கின்றன. ரஸ்டி ஸ்பின்னர், ஷெர்ரி ஸ்பின்னர், ஃபெசன்ட் டெயில் ஸ்பின்னர், ரெட் குவில், இங்கிலாந்தின் டெஸ்ட் ஆற்றுக் காவலர் வில்லியம் லன் கட்டிய லன்ஸ் பர்ட்டிகுலர் என்று பட்டியல் நீளும். வரிசையாக மேசையில் வைத்துப் பாருங்கள்: எல்லாம் செங்காவிக்கும் செம்பழுப்புக்கும் நடுவிலேயே இருக்கும். காரணம் எளிது. டன்னாக இருக்கும்போது மஞ்சள், பச்சை, சாம்பல் என்று வேறுபட்டு நிற்கும் பல இனங்கள் ஸ்பின்னர் ஆனதும் காவி, செவலை, பழுப்பு நிறங்களுக்கே வந்து சேர்கின்றன. அதனால் காவி உடலும் தெளிந்த இறக்கையும் உள்ள ஒரே கட்டு, அளவு மட்டும் சரியாக இருந்தால், பெரும்பாலான விழுகைகளுக்குப் பொருந்தும். ஐந்து பெயரில் ஐந்து வாங்குவதைவிட ஒரே பெயரில் மூன்று அளவு வாங்குவது புத்திசாலித்தனம்.

நம் மலைகளில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேலைநாட்டுக் கட்டுரைகளில் வரும் நீண்ட மாலை நமக்குக் கிடையாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்குள் தூண்டில் நரம்பில் முடிச்சுப் போட முடியாத அளவுக்கு இருட்டிவிடும். பள்ளத்தாக்குக்குள் அதற்கும் முன்பே வெளிச்சம் போகும். யானையும் காட்டெருமையும் நடமாடும் காட்டில் அந்தி வரை இருக்கவே பல இடங்களில் விடமாட்டார்கள். கையில் இருப்பது அரை மணி நேரம். அதில் பத்து நிமிடம் ஃபிளை மாற்றுவதிலேயே போனால் மிச்சம் என்ன? பல சூழலுக்கும் பொருந்தும் ஃபிளை வேண்டும் என்பது இங்கே சிக்கனத்துக்காகச் சொல்வது இல்லை. வெளிச்சம் அவ்வளவுதான் இருக்கிறது.

அளவை எப்படிக் கணிப்பது? ஃபிளை முள்ளின் எண் கூடக்கூட முள் சிறிதாகும். பூச்சியின் உடல், வாலையும் இறக்கையையும் விட்டுவிட்டு அளந்தால், 9 மி.மீ. இருந்தால் ஏறக்குறைய 14ஆம் எண், 7 மி.மீ.க்கு 16, 6 மி.மீ.க்கு 18, 5 மி.மீ.க்கு 20. பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று பையில் இருந்தால் போதும். பூச்சியைப் பிடிக்க வலை வீசி அலைய வேண்டாம். ஓடையோரச் சிலந்தி வலையைப் பாருங்கள். நேற்றும் முந்தாநாளும் விழுந்தவை அங்கே தொங்கும். பாலத்து விளக்கின் அடியும், விரித்துக் கவிழ்த்த குடையும் அதே வேலையைச் செய்யும். நிறம் பார்க்கும்போது பூச்சியைத் திருப்பி வயிற்றுப் பக்கத்தைப் பாருங்கள். முதுகு கருத்து, வயிறு வெளிறிய பூச்சிகள் ஏராளம். மீன் பார்ப்பது வயிற்றைத்தான். சந்தேகமாக இருந்தால் ஒரு அளவு சிறியதைக் கட்டுங்கள். சிறிதாக இருப்பதை மீன் மன்னிக்கும், பெரிதாக இருப்பதை மன்னிக்காது.

இறக்கைதான் ஸ்பின்னரின் உயிர். எதில் இறக்கை கட்டியிருக்கிறது என்று பார்த்து வாங்குவது, பெயரைப் பார்த்து வாங்குவதைவிட மேல்.

பாலிப்ரோப்பிலீன் இழை முதல் தேர்வு. அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, சுமார் 0.91, எனவே எண்ணெய் எதுவும் தடவாமலே மிதக்கும். ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலும் நைலானும் பாலியஸ்டரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் தண்ணீரைவிட அடர்த்தி கூடியவை. விளக்குத்தூண் பக்கம் நூல் கடைகளில் எதைக் கேட்டாலும் "பாலி" என்றுதான் சொல்வார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, இழையைப் பொடியாக நறுக்கிப் போட்டு விரலால் அமுக்குங்கள். மேலே வந்தால் வாங்கலாம், அடியில் தங்கினால் வேண்டாம். சோப்பு விடாமல் சோதித்தால் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையே எல்லாவற்றையும் தாங்கி உங்களை ஏமாற்றிவிடும்.

சேவலின் கழுத்து இறகைச் சுற்றி, மேலும் கீழும் கத்தரித்துவிட்டு இருபுறம் மட்டும் நீட்டிய கட்டு பழைய முறை. ஓட்டம் கொஞ்சம் வேகமான தண்ணீரில் இது பாலி இறக்கையைவிட நன்றாகத் தாங்கும், நரம்பையும் குறைவாகவே முறுக்கும். நாட்டுக்கோழிக் கறிக்கடையில் சொல்லிவைத்தால் இறகு இலவசம். சுடுதண்ணீரில் முக்குவதற்கு முன்பே பிடுங்கித் தரச் சொல்ல வேண்டும், முக்கினால் இழையின் விறைப்பு போய்விடும். ஒரு வயது தாண்டிய செவலைச் சேவல் என்றால் வாலுக்கும் அதே இறகு போதும். பெட்டையின் இறகு மென்மை. பார்க்க அழகான இறக்கை வரும், நாலு மீனுக்குப் பிறகு கந்தலாகும்.

மூன்றாவது சி.டி.சி. என்று சொல்லும் வாத்திறகு. வாத்தின் வால் அடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி முளைக்கும் பஞ்சு போன்ற சிறு இறகு அது. இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்துவைத்துக்கொள்வதால் மிதக்கும். அசையாத மடுவில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் ஒரு மீன் கவ்வியதும் சளி பிடித்து நனைந்துவிடும், உலர்த்திப் பழைய நிலைக்குக் கொண்டுவர நேரமாகும். களிம்பு மாதிரியான மிதவை எண்ணெயை இதில் தடவினால் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டு கெட்டே போகும். நம் அரை மணி அந்திக்கு இது ஒத்துவராது. காலையில் நிதானமாக மீன்பிடிக்கிறவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

கட்டத் தெரிந்தால் செலவு மிச்சம், அளவும் உங்கள் கையில் இருக்கும். 16ஆம் எண் உலர் ஃபிளை முள்ளை எடுத்து, முதலில் அதன் செதிளை, அதாவது முனையருகே பின்னோக்கி நீட்டும் சிறு கொக்கியை, குறடால் அமுக்கிவிடுங்கள். ஃபிளையைக் கட்டி முடித்த பிறகு அமுக்கி முள் உடைந்தால் அரை மணி நேர உழைப்பு போகும். நூல் 8/0 தடிமன், செம்பழுப்பு. தையல் நூல் இந்த அளவுக்கு மிகத் தடிமன், உடல் ஊதிவிடும். ஆரி வேலைக்கு விற்கும் பட்டு நூலில் ஒரு இழையைப் பிரித்து எடுத்துப் பழகலாம். கொஞ்சம் இழுத்தால் அறும் என்பதை நினைவில் வையுங்கள்.

நூலை முள்ளின் வளைவு வரை நெருக்கமாகச் சுற்றி, அங்கே கடுகைவிடச் சிறிய அளவில் ரோமத்தை உருட்டி ஒரு மேடு செய்யுங்கள். சேவல் இறகின் விறைப்பான இழைகளில் இரண்டிரண்டாக எடுத்து, மேட்டின் இருபுறமும் வைத்துக் கட்டினால் வால் கவட்டை போல் பிரிந்து நிற்கும். மேடு இல்லாமல் கட்டினால் நாலு இழையும் ஒன்றாகச் சேர்ந்து துடைப்பம் போலாகிவிடும், ஃபிளை ஒருபக்கம் சாயும். வால் நீளம் உடலைப் போல ஒன்றே கால் மடங்கு இருக்கலாம். சேவல் இறகு கிடைக்காவிட்டால் பெயிண்ட் கடையில் விற்கும், நுனி கூர்ந்த நைலான் தூரிகையின் மயிரையே வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் வால் இழை என்று தனிப் பெயரில் விற்பதும் அந்த மாதிரிச் சரக்குதான்.

உடலுக்கு இரண்டு வழி. காவி நிற ரோமத்தை, முயலின் அடிரோமமோ செயற்கை இழையோ, நூலில் மெல்ல உருட்டிச் சுற்றலாம். நூலின் நிறம் ஊடே தெரிகிற அளவுக்கு மெலிதாக இருக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் இங்கேதான் மூன்று மடங்கு அதிகம் வைப்பார்கள். இன்னொரு வழி மயிலிறகு. திருப்பரங்குன்றத்திலும் பழமுதிர்சோலையிலும் தோகை விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். தோகையின் கண் இருக்கும் பகுதியில் ஒரு இழையை எடுத்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் அடியிலிருந்து நுனி பக்கம் தேய்த்தால் பச்சை மினுமினுப்பு உதிர்ந்து, ஒரு விளிம்பு கருப்பும் மறு விளிம்பு வெளுப்புமாக ஒரு மெல்லிய ஈர்க்கு மிஞ்சும். அதை முள்ளில் சுற்றும்போது பூச்சியின் வயிற்று வளையங்கள் அப்படியே வரும். தோகையின் கீழ்ப்பகுதி இழையில் இந்த இரட்டை நிறம் கிடைக்காது. ஈர்க்கு எளிதில் ஒடியும் என்பதால் நிறமில்லாத நகப்பூச்சை ஒரு கை பூசிவிடுங்கள். தானாக உதிர்ந்த தோகை வைத்திருப்பதில் தவறில்லை. மயிலைக் கொன்று எடுத்தது குற்றம், வெளிநாட்டுக்கு அனுப்புவதும் தடை. வெளிநாட்டு நண்பருக்கு இந்த ஃபிளையைப் பரிசனுப்பும் யோசனை வேண்டாம்.

உடல் முள்ளின் மூன்றில் இரண்டு பங்கில் முடியட்டும். அங்கே பாலி இழையைக் குறுக்காக வைத்து, எட்டுப் போடுவது போல ஐந்தாறு சுற்று மாற்றி மாற்றிச் சுற்றுங்கள். இழையின் அளவு: இறுக முறுக்கிப் பிடித்தால் சாதாரண தையல் ஊசியின் தடிமன், அதற்கு மேல் வேண்டாம். விரித்துவிட்ட இறக்கையைத் தினத்தாளின் மேல் வைத்தால் அடியிலிருக்கும் எழுத்து தெரிய வேண்டும். இறக்கையின் அடியில் ஊசிமுனையால் ஒரு பொட்டு பசை. பிறகு அதே காவி ரோமத்தைச் சற்றுத் தடிமனாக இறக்கையின் முன்னும் பின்னும் எட்டுப் போட்டுச் சுற்றினால் மார்புப் பகுதி வந்துவிடும். தலையில் முடிச்சுப் போட்டு, இருபுற இறக்கையையும் மேலே சேர்த்துப் பிடித்து ஒரே வெட்டாக, ஒவ்வொன்றும் 7 மி.மீ. இருக்குமாறு கத்தரியுங்கள். முள்ளின் காதில் பசை ஏறியிருந்தால் வீட்டிலேயே ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள். இருட்டில் நரம்பு நுழையாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஒரு சேர்க்கை மட்டும் கட்டாயம் செய்யுங்கள்: மார்பின் மேல், முதுகுப் பக்கமாக, வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு பாலி இழையில் 3 மி.மீ. குச்சம். படுத்துக் கிடக்கும் ஸ்பின்னர் பத்தடிக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாது. குச்சம் முதுகில் இருப்பதால் அடியிலிருந்து பார்க்கும் மீனின் கண்ணை அது பெரிதாக உறுத்தாது.

சரியாகக் கட்டியும் தொல்லை தருவது நரம்பு முறுக்கு. விறைத்த, அகன்ற இறக்கை வீசும்போது விசிறி மாதிரிச் சுழன்று, மெல்லிய நரம்பைச் சுருள் சுருளாக்கிவிடும். சோதனை சுலபம்: நரம்பில் கட்டி, தலைக்கு மேலே நான்கு முறை முன்னும் பின்னும் வீசிவிட்டுத் தொங்கவிடுங்கள். ஃபிளை பம்பரமாய்ச் சுழன்றால் இறக்கை ஒருபுறம் நீண்டிருக்கிறது அல்லது இழை அதிகம். கத்தரியால் இருபுறமும் சமமாகக் குறையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கடைசி நரம்பை 6எக்ஸிலிருந்து, அதாவது 0.13 மி.மீ.யிலிருந்து, 5எக்ஸ் ஆன 0.15 மி.மீ.க்கு ஏற்றுங்கள். இந்த எக்ஸ் எண்ணும் முள் எண் போலத்தான், கூடக்கூட மெலியும். அந்தி மங்கலில் 5எக்ஸைக் கண்டு ஒதுங்கும் மீன் குறைவு. அறுத்துக்கொண்டு போகும் மீன் அதைவிட அதிகம்.

இரண்டாவது தொல்லை, இறக்கை பின்னோக்கிச் சாய்ந்து ஈட்டி முனை மாதிரி ஆவது. மார்பின் பின்பக்கம் ரோமம் போதவில்லை என்று அர்த்தம்.

எல்லாம் சரியாக இருந்தும் மீன் வளையம் போட்டுக்கொண்டே உங்கள் ஃபிளையை ஒதுக்கினால், உடனே நிறத்தைக் குறை சொல்லாதீர்கள். பத்தில் எட்டு முறை இழுவைதான் காரணம். செத்த பூச்சி தண்ணீரோடு தண்ணீராக வரும்; உங்கள் நரம்பு ஒரு விரற்கடை இழுத்தாலும் ஃபிளை தானாக நகர்வது மீனுக்குத் தெரிந்துவிடும். 9 முதல் 12 அடி நீள லீடர் (தடித்த நூலுக்கும் ஃபிளைக்கும் நடுவில் வரும், நுனி நோக்கி மெலியும் நரம்பு) வைத்து, வீசும் கடைசி நொடியில் கோலை மேலோட்டப் பக்கம் சாய்த்து, நரம்பைக் கொஞ்சம் தளர்வாக விழவிடுங்கள். மீனுக்கு மூன்றடி முன்னால் விழுந்து, இரண்டு மூன்று நொடி தளர்வாக மிதந்து வந்தால் போதும். கவ்வியது தெரிந்ததும் கெண்டைக்குத் தூண்டிலைச் சுண்டுவது போல வெட்டி இழுக்கக் கூடாது; கோலை மெல்ல உயர்த்தினால் முள் தைத்துவிடும். பழைய தூண்டில் பழக்கம் உள்ளவர்கள் இதில்தான் நரம்பை அறுத்துக்கொள்கிறார்கள்.

காவிக்கு வெளியே இரண்டு விதிவிலக்குகளை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பீட்டிஸ் என்ற சிறிய இனத்தில், பெண் ஸ்பின்னர் கல்லைப் பற்றிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப்போய் முட்டையிடும். அவை அங்கேயே அடித்துச் செல்லப்படும். மேலே பூச்சி எதுவும் தெரியாமல் மீன் மட்டும் பரப்புக்குக் கீழே புரண்டு புரண்டு தின்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 18ஆம் எண்ணில் பச்சைப் பழுப்பு உடல், மெல்லிய செம்புக் கம்பி நாலு சுற்று, சொற்ப இறக்கை: இதுதான் மூழ்கும் ஸ்பின்னர். மிதக்கும் காவி ஃபிளையின் முள் வளைவில் 30 செ.மீ. நரம்பு கட்டி அதன் நுனியில் இதைத் தொங்கவிட்டால், மேலே இருப்பது தக்கை வேலையும் பார்க்கும். காட்டை விட்டுச் சீக்கிரம் வெளியேற வேண்டிய இடங்களில், காலையில் முந்தைய நாள் விழுகையின் மிச்சம் இன்னும் அடியில் உருண்டுகொண்டிருக்கும்போது, இந்த ஜோடி நன்றாகவே வேலை செய்யும்.

இன்னொன்று கெய்னிஸ். உடல் வெளிறி, மார்பு கருத்து, கொசுவைவிடச் சின்னதாகத் தெரியும் பூச்சி. ஒரே மாலையில் டன் ஆகி, தோலுரித்து, முட்டையிட்டுச் செத்தும் போகும். 20இலிருந்து 24ஆம் எண் வரை முள் கேட்கும் இந்தப் பூச்சிக்கு ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் வைத்த பட்டப்பெயரே 'தூண்டில்காரரின் சாபம்' என்பதுதான். ஆயிரக்கணக்கில் விழுவதால் மீன் உங்கள் ஃபிளையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பே குறைவு. புதியவர்கள் இதற்காக மெனக்கெட வேண்டியதில்லை. வெளிறிய உடல் கொண்ட 20ஆம் எண் இரண்டு வைத்திருந்தால் போதும்.

ஆகப் பெட்டிக்குள் இருக்க வேண்டியது: காவி உடல், பாலி இறக்கை, 14ஆம் எண்ணில் இரண்டு, 16இல் நான்கு, 18இல் மூன்று. சேவல் இறகு இறக்கையில் 16ஆம் எண் ஒன்று. மூழ்குவது இரண்டு, வெளிறியது இரண்டு. பதினான்கு ஃபிளை, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. வெளிச்சம் நன்றாக இருக்கும் ஐந்து மணிக்கே 16ஆம் எண்ணை நரம்பில் கட்டிவிடுங்கள். இன்னொரு லீடரில் 18ஐக் கட்டிச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், இருட்டில் ஃபிளையை மாற்றாமல் லீடரையே மாற்றிவிடலாம்.

பழக மலைக்குப் போக வேண்டியதில்லை. வெட்டவெளியில் எட்டு மீட்டர் தள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, முள்ளில்லாமல் நுனியில் ஒரு சிறு நூல் குச்சம் மட்டும் கட்டி வீசுங்கள். பத்துக்கு ஆறு தட்டில் விழுந்தால் அடுத்தது கண்மாய். குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அந்தியில் மேற்பரப்பில் பூச்சி பொறுக்கும் கெண்டைக்குஞ்சுகளுக்கு 18ஆம் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ட்ரவுட்டின் அளவும் பலமும் அதற்குக் கிடையாது. ஆனால் சின்ன வளையத்தைப் பார்த்துக் கோலை மெல்ல உயர்த்தும் பழக்கம் அங்கேயே கைக்கு வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிளைகளை டப்பாவுக்குள் ஈரத்தோடு மூடிவைக்காதீர்கள். ஒரு இரவு திறந்துவைத்து உலர்த்துங்கள். இறகு கட்டியவற்றோடு ஒரு பாச்சை உருண்டை போட்டுவைத்தால் செல் அரிக்காது. மற்ற ஃபிளையில் முள் துருப்பிடித்தால் கண்ணில் படும். காவி ஸ்பின்னரில் உடலின் நிறமும் துருவின் நிறமும் ஒன்றாக இருப்பதால், அடுத்த மாதம் நல்ல மீன் ஒன்று மாட்டி முள் முறியும்போதுதான் தெரியவரும்.